இழை ஒட்டும் விரல்கள்

விக்கிரமசிங்கபுரத்தில் நூல் மில்லோடு தொடர்பில்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணியின் நீர்விசையை நம்பி, 1880களில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மில் அது. ஸ்பின்னிங்கில் இருந்த பெரியவர் யாரிடமாவது, "அறுந்த இழையை எப்படி ஒட்டுவீங்க அண்ணாச்சி?" என்று கேட்டுப் பாருங்கள். சொல்லத் தொடங்குவார், பாதியில் வார்த்தை நின்றுவிடும். மீதியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் செய்து காட்டும்.

நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தில் ஒரு கதிர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். இழை அறுந்தால் அந்தக் கதிரை மட்டும் நிறுத்தி, பாபினில் நூல் நுனியைத் தேடி எடுத்து, வளையத்தின் மேல் ஓடும் சின்னக் கம்பி வளைவில் மாட்டி, மேலே உள்ள கொக்கியில் கோத்து, உருளைகளுக்கு நடுவிலிருந்து வரும் பஞ்சிழையில் தொட வேண்டும். கதிரை விட்டதும் முறுக்கே இரண்டையும் பிணைத்துவிடும். முடிச்சு கிடையாது. புதிதாகச் சேர்ந்தவர் ஒவ்வொரு படியையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டு செய்வார். பழகியவருக்கு அது சில விநாடி வேலை; கண் அதற்குள் அடுத்த இழைக்குப் போயிருக்கும்.

இந்த விரல் ஞாபகமும், நேற்று என்ன சாப்பிட்டோம் என்கிற ஞாபகமும் ஒன்றல்ல. இதை உலகுக்குக் காட்டியவர் ஹென்றி மோலைசன் என்ற அமெரிக்கர். வலிப்பு நோய்க்காக 1953இல் அவருக்கு அறுவை சிகிச்சை செய்து, மூளையின் இரு பக்கமும் ஹிப்போகேம்பஸ் என்ற உறுப்பின் கணிசமான பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன்பின் புதிதாக நடந்த கிட்டத்தட்ட எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர், கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தை வரையும்படி அவரிடம் சொன்னார். மூன்று நாள் பயிற்சியில் பிழை குறைந்துகொண்டே வந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதற்கு முன் தான் இதைச் செய்ததே இல்லை என்றுதான் அவர் நினைத்தார். அவருக்கு நினைவில்லை, கைக்கு இருந்தது. கைத்திறன் சிறுமூளையிலும், மூளையின் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்புத் திரள்களிலும் வேறு வழியாகப் பதிகிறது.

அந்த வழி மெதுவானது. ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதாது, செய்து செய்துதான் பதியும். தவறாகச் செய்தாலும் அதே உறுதியோடு பதியும். அதனால்தான் தொடக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்பது அவ்வளவு முக்கியம்.

ஒரே மூச்சில் பழகுவதா, பிரித்துப் பழகுவதா? பிரிட்டனில் தபால்காரர்களுக்கு விசைப்பலகை பழக்கியபோது இதைச் சோதித்தார்கள்; முடிவு 1978இல் வெளிவந்தது. நாளுக்கு 1 மணி நேரம் பழகியவர்கள், நாளுக்கு 4 மணி நேரம் பழகியவர்களைவிட மொத்தத்தில் குறைந்த மணி நேரத்திலேயே கற்றார்கள். நாள் கூடுதலாயிற்று என்பது உண்மை. ஆனால் முறையைப் பற்றி அதிகம் குறைபட்டதும் அந்த 1 மணி நேரக்காரர்கள்தான்! கற்கிறோமா இல்லையா என்பதில் நம் உணர்வை அப்படியே நம்பக் கூடாது.

பிரித்துப் பழகுவது விரலுக்கு மட்டுமல்ல, சொல் ஞாபகத்துக்கும் உதவும். நம் திண்ணைப் பள்ளிகளில் ஒரு வழக்கம் இருந்தது. மாலையில் வீட்டுக்கு அனுப்பும்போது உபாத்தியாயர் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு மிருகம் என்று பெயர் சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் அவன் அதை மறக்காமல் ஒப்பிக்க வேண்டும். எனக்கு இது மிகப் பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றுகிறது. நடுவில் ஓர் இடைவெளி, ஒரு தூக்கம், பிறகு ஏட்டைப் பார்க்காமல் மனதிலிருந்து எடுத்துச் சொல்வது. நினைவை உறுதியாக்கும் என்று இன்றைய ஆய்வுகள் சொல்லும் மூன்றும் அதில் இருக்கின்றன.

தையலோ தவிலோ, எது பழகினாலும் தினம் கொஞ்ச நேரம் போதும். அடுத்த நாள் தொடங்கும்போது முதலில் பார்க்காமல் ஒருமுறை செய்து பாருங்கள். வீட்டில் பிள்ளை இருந்தால், இன்று இரவு ஒரு பூவின் பெயரைச் சொல்லித் தூங்க வையுங்கள். காலையில் பல் தேய்க்கும்போது கேளுங்கள்.