பழைய பிரிட்ஜில் காற்றடிக்கும் இயந்திரம்: உங்கள் குக்கரிடம் கேளுங்கள்



வீட்டுப் பிரிட்ஜ் ஓய்ந்துபோனால் என்ன செய்கிறீர்கள்? சிலர் அதை அரிசி, பருப்பு வைக்கும் அலுமாரியாக்கி விடுவார்கள். சிலர் பழைய இரும்புக்காரர் வரும்வரை கோடிப்புறத்தில் போட்டு வைப்பார்கள். அந்தப் பிரிட்ஜின் முதுகுப் பக்கத்தில், அடியில், கறுப்பு நிறத்தில் இரும்புப் பானை போல ஒன்று இருக்கிறதே, அதுதான் கொம்பிரசர். காஸ் கசிந்து பெட்டி பயனற்றுப் போனாலும், பல வேளைகளில் அந்தப் பானை மட்டும் உயிரோடுதான் இருக்கும். கைவேலை தெரிந்த பிள்ளைகள் அதைக் கழற்றி, ஒரு தாங்கியோடு இணைத்து, சைக்கிள் கடைக்குக் காற்றடிக்கும் இயந்திரமாக மாற்றிவிடுகிறார்கள்.

"இது ஆண்களின் வேலை, எங்களுக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கிராமத்துச் சைக்கிள் கடை பெரும்பாலும் வீட்டோடு ஒட்டிய தாழ்வாரம்தான். இயந்திரம் நிற்கப்போவது நீங்கள் துணி காயப்போடும் இடத்துக்குப் பக்கத்தில். பிள்ளைகள் ஓடி விளையாடுவது அதைச் சுற்றித்தான். அது ஒழுங்காகச் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்க்கத் தேவையான அறிவும் உங்கள் அடுப்படியிலேயே இருக்கிறது. எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் வீதியில் உள்ள புதுக்குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வன்னியில் 1990களில் மின்சாரமும் இல்லை, பெற்றோலும் இல்லை. பொருளாதாரத் தடைக் காலம். மோட்டார் சைக்கிளுக்குச் சில துளி பெற்றோல் காட்டிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். இருப்பதைக் கொண்டு இல்லாததைச் செய்யும் கெட்டித்தனம் அந்த மண்ணில் அப்படி வளர்ந்தது. ஆனால் கரன்ட் இல்லாத ஊரில் பிரிட்ஜின் பானைக்கு என்ன வேலை? காற்றடிக்கக் கைப் பம்புதான். 2009இன் தொடக்க மாதங்களில் அங்கே நடந்ததை உலகமே அறியும். போர் முடிந்து, மக்கள் திரும்பி, மின்கம்பிகள் வந்த பிறகுதான் இந்தப் பானைகளுக்கும் அங்கே ஒரு வேலை வந்தது.

நம்மவர்களின் கதையும் அந்த மாவட்டத்தோடு பிணைந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் மக்களும் இருந்தார்கள். புத்தளத்தில் ஆண்டுக்கணக்காக ஓலைக் கொட்டில்களில் வாழ்ந்துவிட்டு, 2009க்குப் பின் திரும்பியவர்கள் வெறுங்கையோடுதான் தொடங்கினார்கள். கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்கும் பெண்கள், எந்தச் சமூகத்தவராயினும், அந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர். புதிய காற்று இயந்திரம் வாங்க முடியாத வீட்டுக்கு, ஒட்டுப்போட்டுக் காற்றடிக்கும் ஒரு சிறு கடையே ஹலாலான ரிஸ்க்குக்கு வழி. ஆகவே இதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாவித்ததை மீண்டும் பாவிப்பது வீண்விரயத்துக்கு எதிரான காரியம்.

சரி, அது எப்படி வேலை செய்கிறது? பானைக்குள்ளே ஒரு சிறு மோட்டாரும், அது அசைக்கும் பிஸ்டனும், கொஞ்சம் எண்ணெயும் இருக்கின்றன. வெளியே மூன்று குழாய் நுனிகள். ஒன்றால் உறிஞ்சும், மற்றதால் தள்ளும். மூன்றாவது காஸ் நிரப்புவதற்கு வைத்தது, அதை அடைத்துவிடுவார்கள். பிரிட்ஜில் குளிர்வாயுவைச் சுற்றிவிட்ட அதே பிஸ்டன், இப்போது வெளிக்காற்றை உறிஞ்சித் தாங்கிக்குள் தள்ளுகிறது. உறிஞ்சும் வாயில் தூசி போகாமல் ஒரு வடிகட்டி வேண்டும். தாங்கிக்குப் போகும் வழியில், காற்று திரும்பி வராமல் ஒருவழி வால்வு வேண்டும்.

அதிகம் எதிர்பார்க்கவும் கூடாது. சாதாரண வீட்டுப் பிரிட்ஜின் பானை நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து லீற்றர் காற்றுத்தான் தள்ளும். சைக்கிள் ரயருக்கு அரை நிமிடம் போதும். ஓட்டோ ரயருக்கு ஒன்றிரண்டு நிமிடம். கார் ரயர் என்றால் ஐந்தாறு நிமிடம் காத்திருக்க வேண்டும். லொறிக்காரர் வந்தால் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிடுங்கள். 25 லீற்றர் தாங்கி 100 இறாத்தலுக்கு நிறையப் பதினைந்து நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். பிரிட்ஜில் இருந்தபோது, திரும்பி வரும் குளிர்வாயு அந்தப் பானையைக் குளிர்வித்தது. இப்போது அந்த உதவி இல்லை. தொடர்ந்து ஓடினால் தொட முடியாதபடி கொதிக்கும். இடையிடையே ஓய்வு கொடுக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயையும் காற்றோடு துப்பிவிடும்; அதை மறந்துவிட்டால் பானை ஒருநாள் இறுகி நின்றுவிடும்.

இனி உங்கள் குக்கருக்கு வருவோம். குக்கரின் மேலே ஒரு குண்டு வைக்கிறீர்கள். உள்ளே சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 15 இறாத்தல் அமுக்கம் வந்ததும் அது எழும்பி ஆவியை விடுகிறது. குண்டின் துளை அடைபட்டால்? அதற்கென்றே மூடியில் இன்னொரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. அது திறந்து உயிரைக் காக்கும். அந்த இரண்டும் இல்லாத குக்கரை நீங்கள் அடுப்பில் வைப்பீர்களா? ஒருபோதும் மாட்டீர்கள். ஆனால் தாழ்வாரத்துத் தாங்கியில் குக்கரைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு அமுக்கம், ஐந்து மடங்கு கொள்ளளவு. அதைப் பாதுகாப்பு வால்வு இல்லாமலே ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்!

"இவ்வளவு சின்ன மோட்டார் என்ன செய்துவிடும்?" என்பார்கள். அங்கேதான் ஏமாற்றம். பிரிட்ஜில் இருக்கும்போதே அந்தப் பானை 150 இறாத்தல் அளவுக்கு வாயுவை அமுக்கிப் பழகியது. நிறுத்த ஆளில்லாவிட்டால் மெதுமெதுவாக 300ஐயும் தாண்டித் தள்ளக்கூடியது. பெரிய இயந்திரம் சத்தம் போட்டு எச்சரிக்கும். இது பிரிட்ஜைப் போலவே அமைதியாக முனகிக்கொண்டே இருக்கும். வாடிக்கையாளரோடு கதைத்தபடி, அல்லது லுஹர் தொழுகைக்கு எழும்பிப் போய், நிறுத்த மறந்துவிட்டால் யார் பொறுப்பு?

ஆகவே தாங்கியின் அருகே போய் நீங்களே பாருங்கள். அமுக்கத்தைக் காட்டும் மானி இருக்கிறதா? குறித்த அளவு வந்ததும் கரன்டைத் தானாக நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறதா? அந்தச் சுவிட்ச் பழுதானாலும் காற்றை வெளியே விடும் பாதுகாப்பு வால்வு இருக்கிறதா? அந்த வால்வு தாங்கியிலேயே நேராகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். நடுவில் பூட்டும் குழாய் எதுவும் இருக்கக்கூடாது. அதில் ஒரு சிறு வளையம் தொங்கும். தாங்கியில் காற்று இருக்கும்போது அதை இழுத்தால் "புஸ்" என்று சீற வேண்டும். சீறவில்லை என்றால், வால்வு இல்லை என்றே கணக்கு வையுங்கள். புதிதாக வாங்கினாலும் இந்த வால்வு பெரிய விலையல்ல. மற்ற எல்லாவற்றையும் பழையதில் தேடலாம், இதை மட்டும் புதிதாக வாங்கச் சொல்லுங்கள்.

அடுத்தது தாங்கி. பழைய லொறியின் பிறேக் காற்றுத் தாங்கி கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை; அது காற்றுக்கென்றே செய்தது. சமையல் காஸ் சிலிண்டரை வெட்டி ஒட்டுபவர்களும் உண்டு. 2021இன் இறுதி மாதங்களில் நாட்டின் பல அடுப்படிகளில் நடந்த காஸ் வெடிப்புகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெறும் சிலிண்டரிலும் மிச்ச வாயு இருக்கும். அதில் வெல்டிங் நெருப்புப் பட்டால் என்ன ஆகும்? அத்தோடு, வைப்புப் பணம் கட்டிப் பெற்ற சிலிண்டர் நமது சொத்தா, கம்பனியின் அமானத்தா என்பதையும் ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜுக்கு காஸ் அடைத்து வரும், ஒருமுறை மட்டும் பாவிக்கும் மெல்லிய உருளைகள் அறவே கூடாது. புதுக்குடியிருப்புப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: போர் நடந்த நிலத்தில், பழைய இரும்போடு கிடைத்த இன்னதென்று தெரியாத உருளை எதையும் தொடவே வேண்டாம், பிள்ளைகள் தூக்கி வந்தாலும் சரி. விலகி நின்று பொலிஸுக்கு அறிவியுங்கள்.

எந்தத் தாங்கியானாலும் முதலில் அதைத் தண்ணீரால் முழுக்க நிரப்பி, பாவிக்கப்போகும் அமுக்கத்தைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்துச் சோதிப்பார்கள். தண்ணீர் காற்றைப் போலச் சுருங்கி விரியாது. ஆகையால் தாங்கி பிளந்தாலும் ஒழுகுமே தவிர, துண்டு பறக்காது. செய்து தருபவரிடம் "தண்ணீர்ச் சோதனை பார்த்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர் முகமே பதில் சொல்லும்.

பிரிட்ஜைக் கழற்றும் நாளிலும் கவனம் வேண்டும். பழைய பெட்டிகளில் ஆர்-12 என்ற வாயு இருந்தது. வானத்து ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987இன் மொன்றியல் உடன்படிக்கை அதை ஒழிக்க முடிவெடுத்தது. அதன் மேல் தீச்சுவாலை பட்டால் நச்சுவாயு கிளம்பும். இப்போதைய பிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஆர்-600ஏ. அது அடுப்பு காஸின் உறவுக்காரன், தீப்பற்றக்கூடியது. பானையில் தீச்சுவாலைப் படம் போட்ட முக்கோணம் ஒட்டியிருந்தால் அது இதுதான். வீட்டில் எவரும் குழாயை வெட்டவோ சுடவோ வேண்டாம். பிரிட்ஜ் திருத்துபவரைக் கொண்டு வாயுவை எடுப்பியுங்கள். சுவருக்குள் இருக்கும் பஞ்சு போன்ற பொருளைக் குப்பையோடு எரிக்காதீர்கள், அதன் புகை விஷம். பெட்டியின் கதவை அன்றைக்கே கழற்றிவிடுங்கள். ஒளித்து விளையாடும் பிள்ளைகள் உள்ளே புகுந்து, வெளியிலிருந்து மட்டும் திறக்கும் கொளுவி பூட்டிக்கொண்டு மூச்சுத் திணறி இறந்ததால், பிரிட்ஜ் கதவை உள்ளிருந்தும் திறக்க வழி வேண்டும் என்று அமெரிக்காவில் 1956இல் சட்டமே கொண்டு வந்தார்கள்.

கரன்ட் விஷயம் சுருக்கம்தான். பானைக்கு எர்த் வயர் கட்டாயம். வயர் பூட்டும் முனைகளை மூடும் சிறு பிளாஸ்டிக் மூடியைத் தொலைக்கக் கூடாது. வீட்டின் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்ய வேண்டும்.

கடைசியாக உங்கள் கையால் செய்யக்கூடிய ஒரு வேலை. காற்றோடு ஈரமும் தாங்கிக்குள் போகும். இரவில் குளிர்ந்து அடியில் தண்ணீராகத் தேங்கும். வன்னியின் மாரிகாலத்தில் இன்னும் அதிகம். தாங்கியின் அடியில் ஒரு சிறு குழாய் இருக்க வேண்டும். கடை மூடியதும், அமுக்கத்தைக் குறைத்த பின், ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையை வைத்து அதைத் திறந்து விடுங்கள். எண்ணெய் கலந்த கலங்கல் தண்ணீர் வந்தால் பரவாயில்லை. செங்கல் நிறம் கூடிக்கொண்டே வந்தால் உள்ளே துருப்பிடிக்கிறது என்று சொல்லி வையுங்கள். கோப்பையின் அடியில் துருச் செதில்கள் உதிர்ந்து கிடந்தால், மறுநாள் காலை அந்த சுவிட்சைப் போட விடாதீர்கள்.