ஸ்தானிகரான முத்தம்மா

கரடியனாற்றில், வெள்ளாண்மை வெட்டி முடிந்திருந்த ஒரு மாலைப் பொழுதிலே, என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தியும் அவளுடைய தாயாரும் வீடு தேடி வந்தனர். மகள் ஸ்தானிகராக வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கிறாளாம். தாயார் அதனை முழுவதும் மறுக்கவுமில்லை. ஆனால் அவர் மனத்தை அரித்துக்கொண்டிருந்த ஐயம் ஒன்று இருந்தது. "அந்த உத்தியோகத்தில பொம்பிளப் பிள்ளைகள் கலியாணம் முடிக்கலாமா, ஐயா?" என்று கேட்டார். மகள் வெட்கத்தினால் தலை கவிழ்ந்தாள். எனக்கு முதலிற் சிரிப்பு வந்தது. அடுத்த கணமே அது மறைந்தது. ஏனெனில், இந்தியாவின் உச்ச நீதிமன்றத்திலே 1979ஆம் ஆண்டில் விசாரிக்கப்பட்ட வழக்கொன்றின் பின்னணியில் நின்ற வினாவும் ஏறக்குறைய இதுவே.

ஸ்தானிகர் என்பவர் யார்? ஒரு நாட்டின் தலைவர் மற்றொரு நாட்டின் தலைவருக்கு விடுக்கும் நற்சான்றுப் பத்திரத்தைக் கையில் ஏந்திச் சென்று, அந்நாட்டிலே தம் நாட்டின் வாயாகவும் செவியாகவும் இருப்பவர். பொதுநலவாய நாடுகள் தமக்குள் அனுப்பிக் கொள்பவரை உயர் ஸ்தானிகர் என்பது மரபு. இன்னார் வருகிறார் என்பதை முன்னரே அறிவித்து, ஏற்கும் நாட்டின் சம்மதத்தைப் பெற்ற பின்னரே பெயர் வெளியிடப்படும். இவ்வழக்கங்களையெல்லாம் 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை வரையறுத்து வைத்திருக்கிறது. நம் ஊரிலே இரண்டு வட்டைகளுக்கிடையே வாய்க்கால் நீர் பற்றிப் பிணக்கு நேர்ந்தால், குரலை உயர்த்துபவனையா பேச அனுப்புகிறோம்? நாவடக்கமும் நயமும் உடைய ஒருவரைத்தான் அனுப்புகிறோம். வள்ளுவர் பெருமான் தூது என ஓர் அதிகாரமே வகுத்து, அன்பையும் அறிவையும் ஆராய்ந்து பேசும் ஆற்றலையும் தூதருக்கு இன்றியமையாதன என்கிறார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஒளவையார் என்பதையும் மாணாக்கர் அறிவர். அன்று ஒரு பெண்மணி அரசவைக்குத் தூது போகலாம். இருபதாம் நூற்றாண்டிலோ அதற்கு நிபந்தனைகள் விதித்தார்கள்!

சோனிர பெல்லியப்பா முத்தம்மா என்னும் சி. பி. முத்தம்மா, குடகு நாட்டின் விராஜ்பேட்டையில் 1924இற் பிறந்தவர். தந்தையார் வன இலாகா உத்தியோகத்தர். முத்தம்மா ஒன்பது வயதுச் சிறுமியாக இருந்தபோதே அவர் காலமானார். பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்குவதே தாயாரின் தவமாயிற்று. மடிக்கேரியிலே பள்ளிப் படிப்பை முடித்த மகளைச் சென்னைக்கு அனுப்பினார். அங்கு மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியிற் பட்டம் பெற்று, மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார் முத்தம்மா.

சுதந்திர இந்தியா அக்காலத்தில் தன் வெளிநாட்டுச் சேவைக்கு ஆட்களைத் திரட்டிக் கொண்டிருந்தது. 1948ஆம் ஆண்டில் போட்டிப் பரீட்சை எழுதித் தேறிய முத்தம்மா, 1949இல் அச்சேவையில் நுழைந்தார். பரீட்சை மூலம் அதற்குட் புகுந்த முதற் பெண் அவரே. வாசலிலேயே தடை காத்திருந்தது. தேர்வுக் குழுவின் தலைவர், இச்சேவை வேண்டாம் என்று தம்மைத் திருப்பிவிட முயன்றதாக அவர் பிற்காலத்தில் நீதிமன்றத்திற் கூறினார். மேலும், திருமணஞ் செய்துகொண்டால் பதவியைத் துறந்துவிடுவேன் என்றும் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. உடன் சேர்ந்த ஆடவர் எவரிடமும் இத்தகைய வாக்குறுதி கேட்கப்படவில்லை.

இச்சேவை படிப்படியாக ஏறும் ஏணியாகும். மூன்றாஞ் செயலாளர், இரண்டாஞ் செயலாளர், முதற் செயலாளர், அதன்மேல் ஆலோசகர் என்று ஏற வேண்டும். ஒரு நாட்டில் மூன்று நான்கு ஆண்டுகள் கழியும்; வீட்டில் வைத்த செடி பூக்குமுன் பெட்டியைக் கட்ட வேண்டும். பாரிஸ், றங்கூன், லண்டன் ஆகிய நகரங்களிலும், இடையிடையே புதுடில்லித் தலைமையகத்திலும் பணிபுரிந்தார் முத்தம்மா. விருந்துகளும் கைகுலுக்கல்களுமே ஸ்தானிகர் வாழ்க்கை என்று எண்ணுவோர் பலர். உண்மையில் அவர்களது காலத்தின் பெரும்பகுதி, கண்டதையும் கேட்டதையும் நிறுத்துப் பார்த்துத் தலைநகருக்கு அறிக்கை எழுதுவதிலேயே கழிகிறது. கட்டுரைப் பயிற்சியென்றால் முகஞ் சுளிக்கும் என் மாணாக்கர் இதனைக் கவனிப்பாராக!

1970ஆம் ஆண்டில் அவர் ஹங்கேரிக்கு ஸ்தானிகராக நியமிக்கப்பட்டார். சேவையிற் சேர்ந்து இருபத்தோராண்டுகள் சென்றிருந்தன. விஜயலக்ஷ்மி பண்டிட் அம்மையார் 1947லேயே மாஸ்கோவுக்கு ஸ்தானிகராகச் சென்றவராயினும், அவர் அரசியலிலிருந்து நேரே அனுப்பப்பட்டவர். அடிப்படியிலிருந்து ஏறி அந்நிலையை எய்திய முதல் இந்தியப் பெண் முத்தம்மாவே. பின்னர் கானாவுக்கும், ஒல்லாந்துக்கும் சென்றார். மட்டக்களப்புக் கோட்டையை நாள்தோறும் காணும் நமக்கு ஒல்லாந்தர் புதியவரல்லர்.

இத்தனை இருந்தும் உச்ச நிலைப் பதவி உயர்வுக்கு அவர் தகுதியற்றவர் என ஒதுக்கப்பட்டார். அவருக்கு இளையோர் முன்னே சென்றனர். அவர் பொறுத்துக் கொண்டிருக்கவில்லை. அரசாங்க உத்தியோகத்திலிருந்தவாறே அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுத்தார். ஓய்வூதியத்தை எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் நம்மனோர்க்கு அத்துணிவு எளிதில் வாராது.

அவ்வழக்கிலே 1961ஆம் ஆண்டின் இரண்டு விதிகள் வெளிச்சத்துக்கு வந்தன. பெண் அலுவலர் மணமுடிக்குமுன் எழுத்து மூலம் அநுமதி பெற வேண்டும். மணத்தின் பின் குடும்பப் பொறுப்பு கடமைக்கு இடையூறு என அரசாங்கம் கருதினால், அவரைப் பதவி விலகச் சொல்லலாம் என்றது ஒன்று. மணமான பெண்ணுக்கு நியமனம் பெறும் உரிமையே இல்லை என்றது மற்றொன்று. பாலக்காட்டிற் பிறந்த நீதியரசர் வீ. ஆர். கிருஷ்ண ஐயர் 1979 செப்டெம்பரில் அளித்த தீர்ப்பிலே, மனைவிக்குக் குடும்பச் சுமை இடையூறு என்றால் கணவனுக்கும் அஃது இடையூறாகலாமன்றோ என வினவினார். ஆயினும், எல்லா வேலைகளிலும் ஆணும் பெண்ணும் ஒன்றே என்று தாம் சொல்லவில்லை, வேறுபாடு வேண்டுமாயின் அதற்குத் தக்க காரணம் காட்டப்பட வேண்டும் என்றார். விசாரணை முடிவதற்குள் அரசாங்கம் முத்தம்மாவுக்குப் பதவி உயர்வு அளித்துவிட்டது. விதிகளை நீக்கவும் முற்பட்டது. எனவே மனு தள்ளுபடியாயிற்று. தள்ளுபடியாகியும் வென்ற வழக்கு அது! இளையோர் முந்திச் சென்ற மாதங்களின் மூப்பு நிலையை மறுபரிசீலனை செய்யுமாறும், பால் வேற்றுமைக் கறை படிந்த சேவை விதிகள் யாவற்றையும் திருத்துமாறும் நீதிமன்றம் பணித்தது.

நம் நாட்டிலும் மானெல் அபயசேகர அம்மையார் 1958இல் வெளிநாட்டுச் சேவையில் முதற் பெண்ணாகச் சேர்ந்தார். 1982இல் பாங்கொக்கில் இத்தாலிய விமானமொன்றை இலங்கையர் ஒருவர் சிறைப்பிடித்து வைத்திருந்தபோது, அங்கே நமது ஸ்தானிகராக இருந்தவர் அவரே.

முத்தம்மா 1982இல் ஓய்வு பெற்று, 2009இல் பெங்களூரிற் காலமானார். அவர் மணஞ் செய்துகொள்ளவேயில்லை. தாயாரிடம் இதனைச் சொல்ல எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னேன். விதி மாறிவிட்டது, இன்று மணமான பெண்கள் எத்தனையோ பேர் இச்சேவையில் இருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். ஓய்வுக் காலத்தில் அவர் மற்றொரு பெண்மணியோடு சேர்ந்து குடகு நாட்டுச் சமையல் நூலொன்று எழுதினார் என்றபோது, அதுவரை பேசாதிருந்த தாயார், "அப்ப சமைக்கவும் தெரிஞ்சிருக்கு" என்றார். மகளோ, பரீட்சைக்கு என்னென்ன பாடங்கள் என்று கேட்டுக் கொப்பியைத் திறந்தாள்.