பழம்புடவையில் பூ இறக்கலாம், வாருங்கள்!

பெட்டியடியில் கிடக்கும் அம்மாவின் நூல் புடவைகளை அடுக்கிப் பூப்போட்ட போர்வையாகத் தைக்க ஆசையா, சகோதரிகளே? வங்காளத்துக் ‘காந்தா’ அப்படிப் பிறந்ததுதான். நம் ‘கந்தை’க்கும் அதற்கும் வேர் ஒன்றே!

பூ வரையக் கார்பன் தாளை மட்டும் தேடாதீர்கள். வெளுத்த பருத்தியில் அந்தக் கறை ஏறினால் இலேசில் போகாது. அம்மாவின் புடவைக்கு மாற்றுப் புடவை ஏது?

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிறவர்களைப் பாருங்கள். டிரேசிங் காகிதத்தில் பூவை வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகக் குத்திவிடுகிறார்கள். அதைத் துணிமேல் நகராமல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தால், புள்ளி புள்ளியாய்ப் பூ இறங்கிவிடும். வெளிர் துணிக்கு நீலம். கறுப்பு, அரக்குக்கு வெள்ளைத் துத்தநாகப் பொடி. எண்ணெய் ஆவியாகிவிடும், பொடி நிற்கும். (அடுப்பங்கரையில் இந்த வேலை வேண்டாம்!) பஞ்சைப் பிழிந்துகொள்ளுங்கள், சொட்டினால் மல்லிகை பூசணியாகிவிடும். நீலம் துவைத்தால் போகிறதா என்று முந்தானை ஓரத்தில் முதலில் பார்த்துவிடுங்கள்.

நீலகிரித் தோடர் பெண்கள் கோடே போடாமல் இழையை எண்ணித் தைக்கிறார்கள். நமக்கு அந்தக் கண் வேண்டுமே!

மேல் துணியில் பூ இறக்கிய பிறகே அடுக்குகளைச் சேருங்கள். அடுக்கியபின் தேய்த்தால் துணி நகர்ந்து இதழ் கோணிப்போகும். வேலை முடிந்ததும் காகிதத்தைத் துடைத்துச் சுருட்டி வையுங்கள். அடுத்த போர்வைக்கும் ஆகும்.