மலைவழிச் செலவு

பெரம்பலூருக்கு மேற்கே, அடிவானத்தில் நீலக் கோடு போலத் தோன்றுவது பச்சைமலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றாகிய அது பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி, சேலம் ஆகிய மாவட்டங்களில் பரவிக் கிடக்கின்றது. அதன் உயர்ந்த பகுதிகள் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம் உடையவை. கிழக்கே உள்ள அரியலூர் நிலமோ வேறு வகையானது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர்க் கடல் மூடியிருந்த சமவெளி அது. கல்லாகிப் போன சிப்பியும் நத்தையும் இன்றும் அங்கே மண்ணில் கிடைக்கின்றன. இத்தகைய சமவெளியில் பிறந்து வளர்ந்தோர் வழியின் தொலைவைச் சாலையோரக் கற்களைக் கொண்டு அறிவர். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. மலை அக்கணக்கை ஏற்பதில்லை.

மலைக்கு உரிய கணக்கு ஒன்றை 1892-ஆம் ஆண்டில் வில்லியம் நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேறி வகுத்துத் தந்தார். மூன்று மைல் தொலைவிற்கு ஒரு மணி நேரம்; அதனோடு, ஏறவேண்டிய ஒவ்வோர் இரண்டாயிரம் அடி உயரத்திற்கும் மேலும் ஒரு மணி நேரம் என்பது அவர் கண்ட விதி. இன்றைய அளவையில், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணியும், 600 மீட்டர் ஏற்றத்திற்கு ஒரு மணியும் எனக் கொள்ளலாம்.

பெரம்பலூர்ப் பள்ளி ஒன்றின் மாணவர் இருபது பேர், ஆசிரியர் இருவருடன், மலைமேல் ஓரிரவு தங்கி மீளத் திட்டமிடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். வழி பத்துக் கிலோமீட்டர். ஏற்றம் 600 மீட்டர். விதியின்படி மூன்று மணி நேரம் போதும். ஆனால், அவ்விதி பழகிய கால்களுக்கு உரியது. முதுகில் சுமையுடன் முதன்முறை ஏறும் மாணவர்களுக்கு அதனை இரு மடங்காக்கி ஆறு மணி எனக் கொள்வதே அறிவுடைமை. உணவுக்கும் ஓய்வுக்கும் ஒன்றரை மணி சேர்ப்பின் ஏழரை மணி ஆகும். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் பிற்பகல் இரண்டரை மணிக்குத் தங்குமிடம் சேரலாம். பத்து மணிக்குப் புறப்பட்டாலோ ஐந்தரை ஆகிவிடும். ஒரு மாணவனின் கால் சுளுக்கினாலும் அனைவரும் இருளில் அகப்படுவர். கதிரவன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணியே புறப்படும் நேரத்தைக் குறிக்க வேண்டும்.

குழுவின் வேகம் என்பது அதில் மெதுவாக நடப்பவரின் வேகமே ஆகும். வல்லவர் சிலர் முந்திச் செல்வதும், தளர்ந்தவர் பின்தங்குவதும் மலைவழியில் பெருந்தீங்கு விளைக்கும். ஆதலால், வழிகாட்டியை அடுத்து மெல்ல நடப்பவர்களையும், இறுதியில் உடல்வலி மிக்க ஆசிரியர் ஒருவரையும் நிறுத்துதல் நன்று. வழி பிரியும் இடந்தோறும் நின்று ஆட்களை எண்ணிய பின்னரே மேலே செல்ல வேண்டும்.

திட்டமிடுவோர் முதலில் உறுதி செய்ய வேண்டியது இரவுத் தங்குமிடம். கால்நடையாகச் செல்வோர்க்கு வழியில் இடம் அமைக்கும் வழக்கம் தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. பெருவழிகளில் சத்திரங்களும் சுமைதாங்கிகளும் அந்நோக்கத்துடனேயே எழுந்தன. சுவிட்சர்லாந்தில் 1863-ஆம் ஆண்டு தோன்றிய ஆல்ப்ஸ் மலையேறுவோர் சங்கம், அவ்வாண்டிலேயே தன் முதற் குடிலைக் கட்டியது. இன்று அந்நாட்டில் குடிலுக்குக் குடில் நடந்தே பல நாள் மலையில் உலவலாம். பச்சைமலையில் அவ்வாறான குடில் வரிசை இல்லை. துறையூர்ப் பக்கம் டாப் செங்காட்டுப்பட்டியில் வனத்துறையின் தங்குமிடம் உண்டு. எங்குத் தங்குவதாயினும், எத்தனை பேர்க்கு இடம் உண்டு, சமைக்க வசதி உண்டா, அருகில் நீர் உண்டா என்னும் மூன்றையும் முன்னரே கேட்டு அறிய வேண்டும். இடம் பத்துப் பேருக்கே எனின் இருபது பேர் போகலாகாது.

நீரும் பருவமும் ஒன்றோடொன்று பிணைந்தவை. லாடபுரத்தை அடுத்த மயிலூற்று அருவி மழைக்காலத்தில் பொங்கி விழும், கோடையில் வறண்டுவிடும். ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் நீர் எனின், இருபத்திரண்டு பேர்க்கு 66 லிட்டர்; அதன் எடை 66 கிலோகிராம். வழியில் நீர் கிடைக்காத மாதத்தில் இவ்வளவையும் சுமந்தே ஏற வேண்டும். பெருமழைக் காலமோ வேறு வகையில் கொடியது. 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் சதுரகிரி மலையில் பெய்த மழையால் ஓடையில் திடீரென வெள்ளம் பெருக, இறங்கி வந்த அடியார் சிலர் உயிரிழந்தனர். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் வரும் திசம்பர், சனவரித் திங்கள்களே பச்சைமலைக்கு ஏற்றவை. ஊற்றுகளில் நீர் இருக்கும். புல்லும் பசுமையாய் இருக்கும்.

புல்லின் பசுமையை ஒரு பொருட்டாகக் கருதவேண்டுமோ என்று சிலர் எண்ணக்கூடும். தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் நிகழ்ந்தது அதற்கு விடையாகும். மலைமேல் இரவு தங்கி மறுநாள் இறங்கிக்கொண்டிருந்த மலையேறுவோரைக் காய்ந்த புல்வெளியில் பற்றிய காட்டுத்தீ சூழ்ந்தது. புகை கண்ணை மறைத்தது. காற்றுத் தீயை விரட்டியது. அவர்கள் சிதறி ஓடினர். 23 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இளைஞர். சரிவில் எழும் தீயின் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திவிடுகின்றது. அதனால் தீ, மனிதன் ஏறுவதினும் விரைவாக மேல்நோக்கித் தாவும். காட்டுத்தீயின்முன் மேடு நோக்கி ஓடுவது பெரும்பிழை. முன்பே எரிந்து தணிந்த இடமோ, புல்லற்ற பாறைவெளியோ அடைக்கலம் தரும். அத்தகைய இடங்கள் எங்கெங்கு உள்ளன என்பதை ஏறும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

அந்நிகழ்ச்சிக்குப் பின், காட்டுவழி நடையை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாட்டு அரசு 2018-ஆம் ஆண்டிலேயே வகுத்தது. 2024-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், வனத்துறையின் வழி 40 மலைவழிகள் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் திறக்கப்பெற்றன. காப்புக்காட்டில் இசைவின்றி நுழைதல் குற்றமாகும். இசைவு கேட்பது வெறுஞ்சடங்கன்று. யார் யார் மலையில் இருக்கின்றனர் என்பது கீழே ஒருவருக்கேனும் தெரிந்திருந்தால்தான் தேடுவதற்கு ஆள் வரும்.

வழிகாட்டியாக மலைவாழ் மக்களுள் ஒருவரை அமர்த்துவது சிறப்பு. தென்புறநாடு, வண்ணாடு முதலிய பகுதிகளில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். பெயர் அவ்வாறாயினும் அவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது அவர்களிடையே வழங்கும் செய்தி. எந்த ஊற்று எந்த மாதத்தில் வற்றும் என்பது எந்த வரைபடத்திலும் இல்லை, அவர்களுக்குத் தெரியும்.

சுமையைப் பற்றி மிகுதியாகக் கூற வேண்டுவதில்லை. கட்டுச்சோறு, அவல், வெல்லம், பொரிகடலை, போர்வை, கைவிளக்கு, ஊதல், முதலுதவிப் பெட்டி ஆகியவை போதும். ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும். மார்கழி இரவில் போர்வையின்றி உறங்க இயலாது. புதிய காலணி மட்டும் ஆகாது. அது பாதத்தைக் கொப்புளமாக்கி ஒருவனை முடக்கும். அவனோடு குழுவும் நின்றுவிடும்.

தங்குமிடம் சேர்ந்ததும் மறுபடியும் எண்ணிக்கை. பின்னர் நீர் கொணர்தல், சமைத்தல், பாய் விரித்தல். நெருப்பு அடுப்பிற்கு அப்பால் செல்லாதவாறு ஒருவர் காவல் இருப்பார். உறங்குமுன் கங்கின்மேல் நீர் ஊற்றப்படும். விடிந்ததும் அறையைப் பெருக்கி, இலையும் தாளும் தம்முடனேயே கட்டி எடுத்துக்கொண்டு குழு இறங்கத் தொடங்கும். ஏற்றத்தினும் இறக்கத்தில்தான் கால் மிகுதியாக வழுக்கும் என்பதனால் வழிகாட்டி மெல்லவே நடப்பார். அடிவாரத்தில் இருபத்திரண்டு பேரும் வந்து சேர்ந்தனர் என்னும் செய்தி வனத்துறை அலுவலகத்திற்குத் தெரிவிக்கப்பட்ட பின்னரே, ஆசிரியர் பெயர்ப் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைப்பார்.