மெக்டொனால்ட் பிரபுவும் முத்துசுவாமி தீட்சிதரும்

மல்லேஸ்வரம் பக்கம் வயலின் வடிவிலேயே கட்டப்பட்டிருக்கும் சௌடையா நினைவு மண்டபம் நம் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. அங்கே கச்சேரிக்குப் போகும் பிள்ளைகள், "வயலின் நம்ம வாத்தியமா, வெள்ளைக்காரன் வாத்தியமா?" என்று கேட்பதுண்டு. வாத்தியம் வந்த கதை பலருக்கும் தெரியும். கூடவே வந்த மெட்டுகளின் கதைதான் அவ்வளவாகத் தெரியாது.

திருவாரூர் ராமசுவாமி தீட்சிதரின் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் முதலியார் ஆதரவில் சில காலம் வாழ்ந்தது. புனித ஜார்ஜ் கோட்டையின் பேண்டு வாத்திய இசை அவருடைய மைந்தர்களின் காதில் விழுந்தது அப்போதுதான். இளையவர் பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். மூத்தவர் முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) அந்த மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். இவையே நொட்டுஸ்வரங்கள், ஏறக்குறைய நாற்பது உண்டு. சங்கராபரண ஸ்வரங்கள், கமகம் இல்லாத நேர்நடை. அதனால்தான் குழந்தைகளுக்குச் சட்டென்று பிடித்துப்போகிறது.

இவற்றில் 'சந்ததம் பாஹிமாம்' ஆங்கிலேயரின் ராஜ கீதத்தின் மெட்டு. 'ஜகதீச குருகுஹ' என்பதோ ஸ்காட்லாந்துப் பிடில்காரர்கள் வாசிக்கும் 'லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்'. அங்கே நாட்டிய மெட்டுகளில் ஜிக், ரீல் என்று வகைகள் உண்டு. நம் கணக்கில் சொன்னால் ஜிக் 'தகிட தகிட' என்று மூன்று மூன்றாகத் துள்ளும். ரீல் 'தகதிமி தகதிமி' என்று நான்கு நான்காக ஓடும்.

சரி, இந்த ரீலைச் செய்தவர் யார்? ஸ்கை தீவுப் பிரபுவான சர் அலெக்சாண்டர் மெக்டொனால்ட் என்பது அங்குள்ள வழக்கு. அவர் 'லார்ட்' பட்டம் பெற்றது 1776-ல். அதாவது நம் தீட்சிதர் பிறந்த மறு ஆண்டு. ஆகவே இந்தப் பெயர் அதற்கு முன் இருந்திருக்க முடியாது. ஆனால் பெயரின் வயது வேறு, மெட்டின் வயது வேறு. பிடில்காரர்கள் காதால் கேட்டு வாசிப்பவர்கள். ஊர் மாறினால் பெயரும் மாறும். அமெரிக்கா போன இதே மெட்டு அங்கே 'லெதர் பிரீச்சஸ்', அதாவது தோல் கால்சட்டை, ஆகிவிட்டது! எனவே பூர்விகம் தேடுவோர் பெயரை நம்பாமல், இரண்டு ஊர் ஸ்வரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வாழும் கண்ணிகேஸ்வரன் நொட்டுஸ்வரங்களை இவ்வாறு ஆராய்ந்து, ஒலிப்பதிவாகவும் தந்திருக்கிறார்.

"எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்" என்று மார்தட்டுவதும் தவறு. "வெறும் காப்பி" என்று ஒதுக்குவதும் தவறு. மெட்டு ஸ்காட்லாந்தில் பிறந்தது. சாகித்தியமும் குருகுஹ முத்திரையும் காவிரிக் கரைக்காரருடையவை. வேற்று மண்ணில் குடியேறியது தன் நடையையும் விடவில்லை, புது மொழியையும் மறுக்கவில்லை. கன்னட நாட்டில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இது நன்றாகவே புரியும். அடுத்த முறை குழந்தை 'ஜகதீச குருகுஹ' வாசிக்கும்போது, அதன் இரண்டு பெயர்களையும் சொல்லிக் கொடுங்கள்.