காஞ்சிக்கு ஒரு கடல் உண்டு

செவிலிமேட்டுப் பாலத்தில் நின்று பார்த்தால் ஆண்டின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிவது மணல்தான். நந்திமலைப் பக்கம் பிறந்து 348 கிலோமீட்டர் வரும் பாலாறு, நம் ஊரைக் கடக்கும்போது மணலுக்கு அடியில்தான் நடக்கிறது. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறு என்று தெரியும். வாலாஜாபாத்தைத் தாண்டி, திருமுக்கூடலில் செய்யாற்றையும் வேகவதியையும் சேர்த்துக்கொண்டு, செங்கல்பட்டு வழியே அது கடலுக்குப் போய்விட்டது. அந்தக் கடல் எங்கே இருக்கிறது என்று செவிலிமேட்டில் ஒரு பிள்ளையைக் கேட்டால் மெரினா என்று சொல்லும். சென்னைதான் எல்லாவற்றுக்கும் தலைநகர் என்று பழகிவிட்டதால் வந்த பதில் அது. நமக்கென்று ஒரு கடற்கரை, ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில், 1,300 ஆண்டுகளாக இருக்கிறது. மாமல்லபுரம்.

காஞ்சியில் அரண்மனை, மாமல்லையில் துறைமுகம் என்றுதான் பல்லவர்கள் ஆண்டார்கள். கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன்தான் மாமல்லையில் கடற்கரைக் கோயிலையும் கட்டினான். அவன் காலத்தில், 720இல், சீனத்து டாங் அரசவைக்குக் காஞ்சியிலிருந்து தூது போனது. திருமங்கையாழ்வார் தலசயனத்துப் பெருமாளைப் பாடும்போது பொன்னும் யானையும் மணியும் சுமந்த கப்பல்களையும் சேர்த்தே பாடுகிறார். அதனால் காஞ்சிக்காரர்கள் அங்கே சுற்றுலாப் பயணியாகப் போய் இறங்க வேண்டியதில்லை. நம் ஊரின் வாசல் வரைக்கும் போகிறோம் என்று போகலாம். அப்படிப் போனால் பார்க்கும் விதமே மாறிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

வேனில் ஏறிக் காலை பத்துக்கு இறங்கி, உச்சி வெயிலில் ஐந்து ரதம், கடற்கரைக் கோயில், வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளுவதுபோல் ஒரு படம், ஈரத் துணியோடு வீடு திரும்பல் என்பதுதான் நம் ஊர் வழக்கம். கருங்கல் ஊரில் நண்பகல் என்பது பார்ப்பதற்கான நேரமே இல்லை. ஓர் இரவு தங்குங்கள். முடியாவிட்டால் முதல் பேருந்தைப் பிடியுங்கள். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் சாலை அது.

வழியில் திருக்கழுக்குன்றத்தில் இறங்காமல் போகாதீர்கள். வேதகிரீசுவரர் மலையேறும் படிகளும், ஒருகாலத்தில் உச்சிவேளையில் உணவெடுக்க வந்த கழுகுகளின் கதையும் எல்லோருக்கும் தெரியும். சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சங்கு கிடைக்கிறது என்பதும் தெரியும். கடைசியாக 2024இல் கிடைத்தது. அதிகம் பேர் போகாதது மலைச்சரிவில் உள்ள ஒருகல் மண்டபம். பல்லவர் குடைந்த அந்தக் குகையின் கல்லில், பதினேழாம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயரைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

மாமல்லையில் முதலில் அர்ச்சுனன் தபசுக்குப் போங்கள். கிழக்கு பார்த்த பாறை. காலை வெயில் நேராக அதன் முகத்தில் விழும். அது அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. கங்கை என்று சொல்பவர்கள் பாறையின் நடுப்பிளவைக் காட்டுவார்கள். பிளவு நெடுக நாகர்கள் மேலேறுகிறார்கள். உச்சியில் நீர்த்தொட்டி இருந்ததற்கான அடையாளம் உண்டு. விழா நாளில் மேலேயிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டால் கல்லின் நடுவே ஒரு ஆறே இறங்கியிருக்கும். வறண்ட ஆற்றங்கரையிலிருந்து வருகிற நமக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது எளிது.

யானைகளைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பெரிய யானையின் தந்தத்துக்குப் பக்கத்தில், முன்னங்கால்களைத் தூக்கி நின்று தவம் செய்யும் பூனையும் அதன் காலடியில் எலிகளும் இருக்கின்றன. இன்னொரு மூலையில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொள்கிறது. பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் குந்தி உட்கார்ந்து பால் கறக்கிறார். பசு தலையைத் திருப்பித் தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது. கறப்பவரின் முழங்கால்களுக்கு நடுவே பாத்திரம் இடுக்கியிருக்கும் அழுத்தத்தைக் கூடச் சிற்பி விடவில்லை. கோர்வைத் தறியில் உட்கார்ந்து, கரையும் உடலும் சேரும் இடத்தில் ஒரு இழை பிசகாமல் கோத்துப் பழகிய கைகளுக்கு இந்தக் கவனத்தின் விலை தெரியும்.

ஐந்து ரதங்களுக்குப் பாண்டவர் பெயர் பின்னால் வந்தது. திரௌபதி ரதம் அப்படியே ஒரு கூரை வீடு. ஓலைக்குப் பதில் கல். ஐந்துமே முழுதாக முடியாதவை. பெரிய பாறையை மேலிருந்து கீழாகக் கழித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்பதை அந்த முடியாத அடிப்பாகங்கள்தான் நமக்குச் சொல்கின்றன. பிள்ளைகளிடம் இதைக் காட்டிவிட்டு நகருங்கள். மற்றதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

மாலை நாலரைக்குமேல் கடற்கரைக் கோயில். இங்கே காஞ்சிக்காரர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. கைலாசநாதர் கோயிலை அடிக்கடி பார்த்திருப்போம்: கருவறையில் பட்டை தீட்டிய லிங்கம், அதற்குப் பின்சுவரில் சோமாஸ்கந்தர், தூணடியில் எழுந்து நிற்கும் சிங்கம். அத்தனையும் இங்கேயும் இருக்கின்றன. காஞ்சியில் மணற்கல்லும் சுதையும், இங்கே கருங்கல். காஞ்சியில் விளக்கெரிகிறது, அர்ச்சனை நடக்கிறது. இங்கே வழிபாடு இல்லை. உப்புக்காற்று கருங்கல்லின் முகங்களைத் தேய்த்துவிட்டது. மதில்மேல் வரிசையாக அமர்ந்த நந்திகளில் பலவற்றுக்குக் கண்ணும் மூக்கும் இல்லை. இரண்டு சிவன் சன்னதிகள். ஒன்று கடலைப் பார்க்கிறது, மற்றது ஊரைப் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவே, வானமே தெரியாத இருட்டில், பாறையிலேயே செதுக்கிய திருமால் படுத்திருக்கிறார். மூன்று சன்னதிகளின் பழைய பெயர்களிலும் சிம்மம் என்ற அரசனின் பெயர் ஏறியிருக்கிறது. காஞ்சியையும் மாமல்லையையும் ஒரே வாரத்தில் பார்த்தால்தான் ஒரே கையின் இரண்டு வேலைகள் இவை என்பது மனதில் தைக்கும். 1984இல் மாமல்லைச் சின்னங்கள் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. கைலாசநாதர் அந்த வரிசைக்குக் கொஞ்சமும் குறைந்தவர் அல்லர் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

இனிக் கடல். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர்ப் பிள்ளைகள் ஏரியிலும் கிணற்றிலும் நீந்திப் பழகியவர்கள். அந்தத் தைரியம் கடலுக்கு ஆகாது. கடற்கரைக் கோயிலை அடுத்த கரையில் பாறைகள் உண்டு, அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்களும் உண்டு. அங்கே குளிக்கவே கூடாது. மற்ற இடங்களிலும், கரையேறிய அலைநீர் ஒரே குறுகிய பாதையில் கடலுக்குத் திரும்பும்போது ஆளை இழுத்துக்கொண்டு போகும். சுற்றிலும் அலை நுரைக்கும்போது ஓரிடம் மட்டும் அலையே இல்லாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரிந்தால் அதுதான் இழுப்பு இருக்கும் இடம். இறங்கத் தோதான இடம் என்று நினைத்து அங்கேயே இறங்குபவர்கள்தான் அதிகம். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தித் தளரக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு வெளியே வந்து, பிறகு அலையோடு கரைக்கு வர வேண்டும். இறங்குமுன் படகருகே வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவர் ஒருவரிடம் "அண்ணே, இங்க எறங்கலாமா?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

பிள்ளைகளோடு நிம்மதியாகக் கால் நனைக்க வேண்டும் என்றால் வடக்கே கோவளத்துக்குப் போங்கள். 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை அது. தூய்மை, குளியலறை, உயிர்காப்பாளர் எல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் அந்தச் சான்றைத் தருகிறார்கள். அலைச்சறுக்கு விளையாட்டும் அங்கேதான் வேரூன்றியது. மீனவர் குப்பத்துப் பையன்கள்தான் அதில் முன்னோடிகள். 2025 ஆகஸ்ட்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்திலேயே நடந்தது. போகும் வழியில் வடநெம்மேலியில் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை, கோவளத்தையும் தாண்டினால் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா அருங்காட்சியகம்.

கோவளத்துக்குப் போகும்போதே சாளுவன்குப்பத்தில் நிறுத்துங்கள். யாளித் தலைகள் சூழ்ந்த புலிக்குகையை எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்குச் சற்று அப்பால் உள்ள முருகன் கோயிலுக்கு ஆள் குறைவு. 2004 டிசம்பர் 26 சுனாமி அங்கே மணலை வாரிக்கொண்டு போனபோது கல்வெட்டுள்ள பாறை வெளியே தெரிந்தது. மறு ஆண்டு தொல்லியல் துறையினர் தோண்டியதில் பல்லவர் காலக் கோயிலின் எச்சமும், அதற்கும் அடியில் சங்க காலத்தது என்று அவர்கள் கருதும் செங்கல் கோயிலும் கிடைத்தன. முன்னால் கல்லில் ஒரு வேல் நிற்கிறது. அத்தனை உயிரைக் கொண்டுபோன கடல் இதைக் காட்டிவிட்டுப் போனது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அந்தச் செங்கல் வரிசையைப் பார்க்கும்போது இந்தக் கரையில் எத்தனை முறை கடல் ஏறி இறங்கியிருக்கும் என்ற நினைப்பு வராமல் இருக்காது.

தெற்கே போனால் சதுரங்கப்பட்டினம். டச்சுக் கோட்டையின் சுவர்களும், மண்டை ஓடும் கப்பலும் செதுக்கிய கல்லறைப் பலகைகளும் அங்கே இருக்கின்றன. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் இது. இந்தக் கோட்டை எழுந்ததற்கு முக்கியக் காரணமே துணிதான். சுற்றுப்புறத் தறிகளில் நெய்த மெல்லிய பருத்தித் துணியை வாங்கிக் கப்பலேற்றவே டச்சுக்காரர்கள் இங்கே உட்கார்ந்தார்கள். 1782 பிப்ரவரியில் இதே கடலில் ஆங்கிலேயக் கடற்படையும் பிரெஞ்சுக் கடற்படையும் மோதிக்கொண்டன. கல்பாக்கத்தைத் தாண்டினால் வாயலூர். பாலாற்று முகத்துவாரமும், உப்புநீர் ஏறாமல் தடுக்கும் தடுப்பணையும் அங்கே. அந்த ஊர்ச் சிவன் கோயில் தூணில் ராஜசிம்மன் தன் முன்னோர் வரிசையை, பிரம்மாவில் தொடங்கிப் பெயர் பெயராகப் பொறித்து வைத்திருக்கிறான். பல்லவர் வரலாறு எழுதுபவர்கள் இன்றும் அந்தத் தூணைத் தொடாமல் எழுத முடியாது.

சாப்பாட்டுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் வஞ்சிரம் என்று கேட்டு வாங்கினால் விலையும் அதிகம், அது எப்போது பிடித்தது என்றும் தெரியாது. நாட்டுப்படகில் அன்று வந்த சங்கராவோ நெத்திலியோ கிடைத்தால் அதுவே நல்லது.

எப்போது போவது என்பதுதான் நம் ஊருக்குச் சிக்கல். ஐப்பசி, கார்த்திகையில் தறிக்குழியில் ஈரம் ஏறி வேலை மந்தமாகும். கையில் நேரம் இருக்கும். ஆனால் வாடைக்காற்றில் கடல் மிகவும் சீறுவதும் அப்போதுதான். தையில் முகூர்த்தச் சேலைகளுக்கு அவசரம். மாசியில் போங்கள். மாசி மகத்தன்று தலசயனப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு எழுந்தருளுகிறார். அதே நாளில் பல மாவட்டங்களிலிருந்து இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து, சேலைகளைக் கட்டிக் குடில் போட்டு, கடற்கரையிலேயே இரவு தங்குகிறார்கள். விடியற்காலையில் மணலில் படிகள் பிடித்து வைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். பெண் பார்ப்பது, நிச்சயம் செய்வது, தாலி கட்டுவது எல்லாம் அந்த மணலில்தான். சுற்றுலாத் துண்டுப் பிரசுரங்களில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய காட்சி இது. ஆனால் அது அவர்களுடைய கல்யாண வீடு. கேட்காமல் கைப்பேசியை நீட்டாதீர்கள். கூப்பிட்டால் போய் உட்காருங்கள்.