பாப்பாவின் சாக்கு

பாசையூர் மாமி வீட்டுக்குப் போனால் முதலில் தேத்தண்ணி, பிறகுதான் கதை. அன்றைக்கு அந்த ஒழுங்கு மாறிவிட்டது. கோப்பை கைக்கு வரமுதலே கேள்வி வந்தது.

“தம்பி, நத்தார் பாப்பா கோடாலியோட நிக்கிற படமும் இருக்கோ? பேரன் போனில பாத்துக்கொண்டிருந்தவன். எட்டிப் பாத்தா அதே சிவப்புச் சட்டை, அதே பஞ்சுத் தாடி. ஆள் வெட்டுறார்! யேசுவே எண்டு போனைப் பறிச்சு வச்சிட்டன்.”

“இருக்கு மாமி. நாற்பது வருசத்துக்கு முந்தின படம். பேர் ‘சைலன்ட் நைட், டெட்லி நைட்’. நீங்கள் கோயிலில் பாடுகிற பாட்டின்ரை பேர்தான் பாதித் தலைப்பு.”

மாமி பனங்கட்டித் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டு, எதிர்க் கதிரையில் வசதியாக இருந்தார். முழுக்கச் சொல்லாமல் எழும்ப முடியாது என்பதற்கு அதுதான் அடையாளம்.

இந்த வகைப் படங்களை அமெரிக்காவில் ‘ஸ்லாஷர்’ என்பார்கள். ஒரு கொலைகாரன், ஒரு கூரான ஆயுதம், ஒவ்வொருவராகச் சாகிற இளம் பெடியளும் பெட்டைகளும், கடைசியில் தப்பி நிற்கிற ஒருத்தி. கதை இவ்வளவுதான். நட்சத்திரம் தேவையில்லை. கொலைகாரனின் முகம் தெரியாது என்பதால் அவனுக்கும் நடிகன் தேவையில்லை. இருட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 1978இல் ஜோன் கார்ப்பென்டர் ‘ஹலோவீன்’ எடுத்தபோது மொத்தச் செலவு மூன்றேகால் இலட்சம் டொலர் அளவில்தான். கொலைகாரனின் முகமூடிக்கு இரண்டு டொலர்கூட ஆகவில்லை. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரில் கப்பல் தலைவனாக நடித்த வில்லியம் ஷட்னரின் முக அச்சில் கடையில் விற்ற றப்பர் முகமூடி அது. வெள்ளை அடித்து, கண் ஓட்டையைப் பெரிதாக்கினார்கள். அந்தப் படம் கோடி கோடியாக உழைத்தது.

பிறகென்ன, கலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படம். வெள்ளிக்கிழமை 13ஆந் திகதிக்கு ஒன்று, காதலர் தினத்துக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று, வருசப் பிறப்புக்கு ஒன்று. தைப்பொங்கல் தப்பியது நாங்கள் செய்த புண்ணியம். பண்டிகை நாளில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. சோடனைச் செலவை ஊர் முழுக்க ஏற்கெனவே செய்து வைத்திருக்கும். பார்க்க வருகிறவனும் தன் வீட்டு நினைவு, சின்ன வயசு வாசனை, எல்லாவற்றையும் தானே சுமந்துகொண்டு வருவான். படம் எடுப்பவன் கத்தியை மட்டும் கொண்டு போனால் போதும்.

நத்தாரில் இவற்றுக்கும் முதலே ஒருவர் கை வைத்துவிட்டார். 1974இல் கனடாவில் பொப் கிளார்க் எடுத்த ‘பிளாக் கிறிஸ்மஸ்’தான் இந்த வகைக்கே மூத்த அண்ணன்களில் ஒன்று. அதே மனுசன் 1983இல் ‘எ கிறிஸ்மஸ் ஸ்டோரி’ எடுத்தார். அமெரிக்காவில் குடும்பம் குடும்பமாக இருந்து வருசா வருசம் பார்க்கிற படம் அது. ஒரே கையால் உறைப்பும் இனிப்பும் சமைத்தவர்.

மாமி இடைமறித்தார். “அது சரி, நீ சொல்லுற கோடாலிப் படம்?”

அது 1984 நவம்பர் 9ஆந் திகதி வந்தது. செலவு ஏழரை இலட்சம் டொலர். இயக்கியவர் சார்ள்ஸ் செல்லியர். அவர் அதுவரை செய்தது என்ன தெரியுமா? கரடியோடு சிநேகமாகக் காட்டில் வாழ்கிற மனிதனைப் பற்றிய ‘கிறிஸ்லி அடம்ஸ்’ என்ற சாதுவான குடும்பக் கதை, நோவாவின் பேழையைத் தேடிப் போகிற ஆவணப்படம். மாமி சிலுவை போட்டுக்கொண்டார்.

கதை சின்னது. 1971 நத்தாருக்கு முதல் நாள் இரவு. பில்லி என்ற சின்னப் பெடியன் தாய் தகப்பனோடு மனநல விடுதியில் இருக்கிற பாட்டனைப் பார்க்கப் போகிறான். வாய் திறவாத பாட்டன், மற்றவர்கள் வெளியே போன நேரம் பார்த்து அவனிடம் மட்டும் பேசுகிறார்: நல்ல பிள்ளைக்குத்தான் பரிசு, கெட்ட பிள்ளைக்குத் தண்டனை, இன்றிரவு பாப்பாவைக் கண்டால் ஓடிவிடு என்று. திரும்பி வருகிற வழியில், பாப்பா உடுப்பில் இருந்த கள்ளன் ஒருவன் பெற்றோரைக் கொல்கிறான். பெடியன் அநாதை இல்லத்தில் வளர்கிறான். அங்கே பெரிய மதர் அடியை நம்புகிறவர். பயந்து நடுங்குகிற பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்ப் பாப்பாவின் மடியில் இருத்துகிறார். பதினெட்டு வயதில் விளையாட்டுச் சாமான் கடையொன்றில் வேலை. பாப்பா வேசம் போடுகிறவருக்குக் காலில் அடிபட, முதலாளி அந்தச் சிவப்புச் சட்டையைக் கொண்டுவந்து பில்லிக்கே மாட்டிவிடுகிறார். மிச்சம் பேரன் பார்த்தது.

“உதுக்கு அங்க ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையோ?”

சொன்னார்கள். ஆனால் எதற்குச் சொன்னார்கள் என்பதில்தான் விசயம் இருக்கிறது. படத்தைப் பார்த்து வந்த கோபமில்லை அது. விளம்பரத்தைப் பார்த்து வந்த கோபம். சுவரொட்டியில் வீட்டுப் புகைக்கூட்டுக்குள் இருந்து பாப்பாவின் கையும் கோடாலியும் நீட்டிக்கொண்டிருக்கும். தொலைக்காட்சியில் பிள்ளைகள் இருந்து பார்க்கிற நேரங்களிலும் அந்த விளம்பரம் போனது. தியேட்டருக்குப் போகிறவன் காசு கொடுத்துப் பயத்தை வாங்குகிறான். இதுவோ கேட்காமலே வீட்டு விறாந்தைக்குள் வந்துவிட்டது. நத்தார் முடியும்வரை பிள்ளை நித்திரை கொள்ளாது என்று தாய்மார் கிளம்பினார்கள். நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில் ஒரு தியேட்டர் வாசலில் நின்று கரோல் பாடியே எதிர்ப்புக் காட்டினார்கள். ஜீன் சிஸ்கல், ரோஜர் ஈபர்ட் என்ற இரண்டு பெரிய விமர்சகர்கள் தங்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், படம் எடுத்தவர்களின் பெயர்களை வாசித்தே வெட்கப்படுங்கள் என்றார்கள். ஒரு கிழமை முடியமுதலே விளம்பரம் நின்றது. கொஞ்ச நாளில் படமும் தியேட்டர்களை விட்டுப் போனது. அதற்குள் வசூல் போட்ட காசைத் தாண்டியிருந்தது.

பழைய நடிகர் மிக்கி ரூனியும் இந்தப் படத்தைத் திட்டிக் கடிதம் எழுதியவர். 1991இல் இதன் ஐந்தாம் பாகம் வந்தபோது பொம்மை செய்கிற கிழவனாக நடித்தவர் ஆரென்று நினைக்கிறீர்கள்? அதே ரூனிதான். இரண்டாம் பாகத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. முதற்படத்தின் துண்டுகளையே கிட்டத்தட்டப் பாதிக்கு ஒட்டி விற்றார்கள்.

மாமி கோப்பையைக் கீழே வைத்தார். “ஆனா தம்பி, எங்கட கூத்தில வெட்டுறேல்லையோ? ஞானசவுந்தரியின்ரை ரண்டு கையையும் வெட்டுவினம். சிவப்புச் சாயத் துணி தொங்கும். நான் அப்ப ஆறு வயசு. ஆரும் கரோல் பாடி மறிக்கேல்லையே!”

நல்ல கேள்வி. நத்தார் காலமே வெட்டுக்குத்து இல்லாத காலமில்லை. பாலன் பிறந்து மூன்றாம் நாள், டிசம்பர் 28, ஏரோது கொன்ற குழந்தைகளின் திருநாள். யாழ்ப்பாணத்துக் கரையோரக் கோயில்களின் கூத்தும் நாடகமும் வேதசாட்சிகளின் இரத்தத்திலேயே வளர்ந்தவை. ஆனால் அங்கே வெட்டுகிறவன் ஆரென்று பாய் விரித்து இருக்கும்போதே தெரியும். ஏரோது மேடைக்கு வரும்போதே மேளம் சொல்லிவிடும். இரத்தம் பயமில்லை மாமி. கத்தி ஆரின் கையில் இருக்கிறது என்பதுதான் பயம். நாங்களே கதவைத் திறந்து, பிள்ளையைத் தூக்கிக் கொடுத்து, முத்தம் கொடு என்று சொல்கிற ஒருவரின் கையில் இருந்தால்?

தமிழ்ப் படங்களும் அந்தக் காலத்தில் இந்த வழியால் போனவைதான். பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’ 1978. ‘மூடுபனி’ 1980, எடுத்தவர் எங்கட மட்டக்களப்பு அமிர்தகழிப் பிள்ளை பாலுமகேந்திரா. இரண்டிலும் கொலைகாரன் சின்ன வயசில் காயம்பட்டவன், பில்லியைப் போல. ‘சைலன்ட் நைட்’ வந்த அதே 1984இல் மணிவண்ணனின் ‘நூறாவது நாள்’. பன்னிரண்டு நாளில் எடுத்து முடித்த படம் என்பார்கள். மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாகச் சத்யராஜ் வருவார். கரு இத்தாலியில் இருந்து வந்தது, லூச்சியோ ஃபுல்சியின் 1977ஆம் ஆண்டுப் படத்தில் இருந்து. வண்டலூரில் பல உயிர்களைப் பறித்த ஒருவர், இந்தப் படத்தைப் பார்த்துத்தான் செய்தேன் என்று சொன்னதாக அப்போது செய்தி வந்தது. அங்கே கரோல், இங்கே பத்திரிகை. கேள்வி ஒன்றுதான், படமா ஆளைக் கெடுக்கிறது என்று. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. எண்பதுகளில் ரிவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் ஒரு இரவுக்கு வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்த ஊர் இது. வெளியே யுத்தத்தில் நடந்ததை எந்தப் படக் கொப்பியும் சொல்லித்தரவில்லை.

“முடிவில என்ன நடக்குது?” மாமி கேட்டார். இவ்வளவு நேரம் யேசுவே என்றவர்.

முடியப்போகிற நேரம் பொலிஸ் ஊர் முழுக்கப் பாப்பா உடுப்புக்காரனைத் தேடுகிறது. அநாதை இல்லத்து வாசலில் சிவப்புச் சட்டையோடு ஒருவர் பிள்ளைகளை நோக்கி நடந்து வருகிறார். நில் என்று பொலிஸ்காரன் கத்துகிறான். அவர் நிற்கவில்லை. சுட்டுவிடுகிறான். விழுந்து கிடப்பது பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க வேசம் போட்டு வந்த பாதிரியார். அவருக்குக் காது கேளாது.

மாமி வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. நில் என்ற சொல் காதில் விழாததற்கு என்ன விலை என்று இந்த ஊரில் ஒருவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. நானும் கோப்பையின் அடியில் இருந்ததைக் குடித்து முடித்தேன்.

பேச்சை மாற்றச் சொன்னேன். சின்னனில் எனக்கும் நத்தார் பாப்பாவுக்குப் பயம். கரோல்காரர் பெற்றோல்மக்ஸோடு ஒழுங்கைக்குள் திரும்புவார்கள். ரோஸ் கன்னமும் அசையாத சிரிப்புமாகக் கடுதாசி முகமூடி. கண் இருக்கிற இடத்தில் இரண்டு ஓட்டை. நான் முகத்தைப் பார்க்கவே மாட்டேன். காலைப் பார்ப்பேன். வார் அறுந்து ஊசி குத்தின பாட்டாச் செருப்பைக் கண்டால், மீன் கொண்டுவாற அண்ணைதான் என்று உயிர் வரும். ஐரோப்பாவின் மலைப் பக்கங்களில் இந்த இரண்டு வேலைக்கும் இரண்டு ஆள். பரிசு தர நிக்கலஸ் முனிவர்; தண்டிக்கக் கொம்பு வைத்த கிராம்புஸ், டிசம்பர் 5ஆந் திகதி இரவு சங்கிலியை இழுத்துக்கொண்டு வருவான். பில்லிக்கு அவனுடைய பாட்டன் இரண்டையும் ஒரே சட்டைக்குள் போட்டுக் கொடுத்துவிட்டார்.

“சாக்கு,” என்றார் மாமி.

“என்ன மாமி?”

“பிள்ளைபிடிகாரனிட்டையும் சாக்குத்தானே இருக்கு.” குசினிப் பக்கம் திரும்பி, பேரனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். “போன வருசம் இவன் சாப்பிட மாட்டன் எண்டு அழ, கரோல் வரட்டும், பாப்பா உன்னைச் சாக்குக்குள்ள போட்டுக்கொண்டு போவார் எண்டு நான்தான் சொன்னனான்.”

பிறகு எழும்பிப்போய், அலுமாரியைத் திறந்து, போனை எடுத்துக்கொண்டு பேரனைக் கூப்பிட்டார்.